உப்புத் துணி

எதிரே வந்த பஸ்ஸைக் காணோம். அதன் விளக்கு மட்டும்தான் இருந்தது. அந்த விளக்கும் விளக்காக இல்லை. ரோடு, புளியமரம், ஓரத்து வெள்ளைக்கோடு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, வானத்துக்கும் தரைக்குமாக நீண்டுகொண்டு நின்றது. நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்தால் பின்னால் தூங்கி வழிகிற பெண்கள் விழித்துக்கொள்வார்கள், என்ன ஆச்சு என்று கேட்பார்கள். இந்த இடத்தில் ரோடு நேராகத்தான் போகும், நேராகத்தான் போகும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பஸ் தாண்டிப் போனதும் ரோடு திரும்பி வந்தது. என் ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

என் பெயர் அம்சவள்ளி. கூனிமேட்டுப் பக்கத்திலிருந்து மரக்காணம் உப்பளத்துக்குக் கூலிப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வேனை ஓட்டுகிறேன். வேன் சுப்ராயன் அண்ணனுடையது. ஓட்டுவது நான். உப்பு வேலை வெயிலுக்கு முந்திக்கொள்கிற வேலை. அதனால் இருட்டோடு கிளம்பினால்தான் சரிவரும். பொம்பளை வேன் ஓட்டுகிறாளாம் என்று முதலில் சிரித்தவர்கள் எல்லாம் இப்போது வாயை மூடிக்கொண்டு வழி விடுகிறார்கள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேச்சு. நீளம்தான். ஈசிஆர் ரோட்டில் வாய் இல்லாத பொம்பளை வண்டி ஓட்ட முடியாது.

அப்பேர்ப்பட்ட நான் ஒரு பஸ் விளக்கைப் பார்த்து வெலவெலத்துப் போனேன். ஒரு நாள் என்றால் பரவாயில்லை, தூக்கம் போதவில்லை என்று விட்டுவிடலாம். வாரக்கணக்கில் இதே கதை. ஒவ்வொரு விடியற்காலையும் எதிரே ஒரு விளக்கு வரும், நான் குருடியாவேன், அது போகும், எனக்குக் கண் வரும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாவியைக் கேட்பார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

என் அக்கா அஞ்சம்மாளுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. பிறவியில் வந்த குறை இல்லை. என்னோடு அளத்தில் நின்று உப்பு வாரியவள்தான். அவளுக்கு முதலில் கெட்டது விளக்கு. "ஏண்டி, தெருவெளக்குக்கெல்லாம் ரெக்கை மொளச்சாப்ல இருக்குதுடி" என்று ஒருநாள் சொன்னாள். நாங்கள் சிரித்தோம். அப்புறம் அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனபோது, கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பு செத்துவிட்டது, போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடப்பிறந்தவர்களும் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழாத மாதிரி வந்துவிட்டேன்.

இப்போது எனக்கும் விளக்குக்கு ரெக்கை முளைத்துவிட்டது. நடுவில் ஒருநாள் பஞ்சாயத்து ஆபீஸில் கண் முகாம் போட்டார்கள். பயத்தோடு போய் உட்கார்ந்தேன். என் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த எழுத்தை எல்லாம் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டேன். "கண்ணாடி பவர் கரெக்டா இருக்கும்மா, போயிட்டு வாங்க" என்று ஒரு பையன் அனுப்பிவிட்டான். வேறு யாராவதாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். எழுத்து தெரிகிறது, பவர் சரியாக இருக்கிறது, அப்படியென்றால் கோளாறு உள்ளே நரம்பில்தான் இருக்கிறது. அக்காவுக்கும் கடைசி வரைக்கும் எழுத்து தெரிந்ததே என்று நினைத்துக்கொண்டேன். அவள் எழுத்துப் படித்து நான் எங்கே பார்த்தேன்? பயம் வந்துவிட்டால் இல்லாததெல்லாம் ஞாபகம் வரும்.

பயத்துக்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். மூக்குக் கண்ணாடியைத் துடைப்பது.

அதற்கென்றே வேனில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு துணி தொங்கும். உப்பு வாருகிற பெண்கள் தலையில் கட்டுகிற வெள்ளைத் துணியிலிருந்து கிழித்தது. அதை அளத்துக் கால்வாயில் ஓடுகிற உப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்து காயப்போடுவேன். நல்ல தண்ணீர் அங்கே குடிக்கவே குடத்தில் வருகிறது, துணிக்கு எங்கே போவது? தவிர, உப்பு எதைத்தான் சுத்தம் பண்ணாது? நாங்கள் உப்புப் போட்டுத்தான் பித்தளை தேய்க்கிறோம், மீன் கழுவுகிறோம், பல்லே துலக்குகிறோம். கண்ணாடிக்கு மட்டும் ஆகாதா? கடல்காற்று அடிக்கிற ஊரில் கண்ணாடியில் எப்போதும் ஒரு மங்கல் படியும். அந்தத் துணியை எடுத்து இப்படியும் அப்படியுமாக நாலு இழு இழுத்தால் போயே போய்விடும். முன்பெல்லாம் காலையில் ஒருதரம் துடைப்பேன். ரெக்கை முளைத்த பிறகு ஒவ்வொரு விளக்கு வருவதற்கு முன்னும் துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். கிளம்பும்போது, நடுவில், இறங்கியபிறகு, வீட்டுக்கு வந்து என்று ஓயாமல் துடைத்தேன். அப்படியும் வெளிச்சம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போயிற்று. அதனால் இன்னும் பயந்தேன். இன்னும் துடைத்தேன்.

இருட்டில் நான் வண்டி ஓட்டியது கண்ணால் இல்லை, மனப்பாடத்தால். பாலம், அதற்கப்புறம் இறால் பண்ணையின் நீல விளக்கு, அதற்கப்புறம் ரோடு அகலப்படுத்துகிறவர்கள் போட்ட மாற்றுப்பாதை, மாற்றுப்பாதை முடிகிற சிறுபாலத்தோரம் பள்ளம். அந்தப் பள்ளம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் வாயில் நல்ல வார்த்தை வராது. ஒரு எருமை படுத்துப் புரளலாம். எதிரே விளக்கு வந்தால் பள்ளமும் தெரியாது, பாலமும் தெரியாது. ஆனால் ரோடு வேலைக்காரர்கள் நட்டிருக்கிற தகர போர்டு தாண்டியதும் சக்கரத்தின் கீழே ஜல்லி கரகரக்கும், உடனே ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்து, ஒரு மூச்சு விட்டு, திரும்ப இடது பக்கம் கொண்டுவர வேண்டும். கையே தானாகச் செய்துவிடும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். ஒருநாள் வேலை முடிந்து பெண்களோடு பகல் வெளிச்சத்தில் திரும்பி வரும்போது ரோடு வேலை பார்க்கிற சூபர்வைசர் அங்கே நிழலில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன்.

"ஏம்பா, இந்தப் பள்ளத்துல எவனாவது வுழுந்து செத்தாத்தான் மூடுவியா? நான் டெய்லி இத்தினி பொம்பளைங்கள ஏத்திக்கினு வர்றேன். என் வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீ டீ குடிக்க உசுரோட இருக்க மாட்ட!"

"மூடிடலாம்க்கா, மெட்டீரியல் வரணும்" என்றான்.

"வரும், வரும். எங்க சாவுக்கு வரும்!" என்று கத்திவிட்டு வந்தேன். வேனில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். எனக்கும் அன்றைக்குப் பெருமைதான். பயத்தில் இருக்கிறவளுக்கு யார் மேலாவது கத்தினால் கொஞ்சம் தெம்பு வரும்.

அந்தத் தெம்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. என் வேனில் முன்சீட்டில் எப்போதும் மேரிசெல்விதான் உட்காருவாள். உப்பு வாருவதில் அவளைப் போலக் கை வேகம் யாருக்கும் கிடையாது, நாக்கு வேகம் அதைவிட அதிகம். பின்னால் எல்லாரும் தூங்கும்போது அவள் மட்டும் மருமகள் கதையைச் சொல்லிக்கொண்டே வருவாள். அன்றைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு டாரஸ் லாரி வந்தது. இப்போது வருகிற புது விளக்கு, வெள்ளை வெளேரென்று ஊசி மாதிரி குத்துகிற விளக்கு. என் கண்முன்னால் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. நேராகத்தான் போகும், நேராகத்தான் போகும் என்று சொல்லிக்கொண்டேன்.

"அம்சா! மாடு! மாடு! ஏசுவே!"

மிதித்தேன். வேன் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. பின்னால் பாத்திரங்கள் உருண்டன, யாரோ யார் மேலேயோ விழுந்தார்கள். லாரி போன பிறகுதான் எனக்கு மாடு தெரிந்தது. பம்பரை முகர்ந்து பார்க்கிற தூரத்தில், நடு ரோட்டில், பெரிய சிவப்பு மாடு நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக நடந்து போயிற்று. நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

மேரிசெல்வி என் முகத்தையே பார்த்தாள். "இன்னாடி அம்சா? அவ்ளோ பெரிய மாடு. உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. போயிடும்னு நெனச்சேன்."

"எனக்கு அங்கேயே தெரிஞ்சுதுடி. உன் கண்ணுக்கு ஏதாச்சும்..."

"வாய மூடிக்கினு வா. நொய்நொய்னு காதுல ஓதிக்கினே வந்தா யாரு வண்டி ஓட்டுறது? உன் மருமவ ஏன் தனியாப் போனான்னு இப்பத்தான் புரியுது."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. அதற்கப்புறம் அளம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னாலும் யாரும் தூங்கவில்லை, பேசவும் இல்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வேன் நிறையப் பெண்கள் என் பிடரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் இறங்கி வேலைக்குப் போனபிறகு நான் கால்வாய்க்கரையில் உட்கார்ந்து துணியை அலசினேன். வெயில் ஏறிவிட்டது. எதிரே பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதற்கப்பால் அம்பாரம் அம்பாரமாக உப்பு. முன்பெல்லாம் அது எனக்கு உப்பாகத் தெரியும். அன்றைக்கு ஒரே வெள்ளைப் புகையாக இருந்தது. அந்தப் புகைக்குள் பெண்கள் தலையில் கூடையோடு நடந்தார்கள். யார் யார் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒருத்தி என்னைப் பார்த்து ஏதோ கத்தினாள். யார் என்று தெரியாமலே கை ஆட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்குக் கண் போய்விட்டால் வீட்டில் இரண்டு குருடிகள். யார் கையை யார் பிடிப்பது? அக்காவுக்குச் சாதம் போட்டுத் தருகிற கை என்னுடையது. என் கைக்கு யார் வழி காட்டுவார்கள்?

சாயங்காலம் வீட்டில் கட்டிலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா எதிரே வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று உரிப்பதை நிறுத்தினாள்.

"அம்சா, இன்னாடி அது கீச்சு கீச்சுனு?"

"ஒண்ணுமில்ல. கண்ணாடி தொடைக்கிறேன்."

"நேத்தும் தொடைச்ச. முந்தாநாளும் தொடைச்ச. கண்ணாடிய தொடைக்கிறியா, தேய்ச்சுத் தேய்ச்சு கரைக்கப் போறியா?" அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வெளக்கு எப்படிடி தெரியுது உனக்கு?"

நான் துணியைக் கீழே வைத்தேன். அவள் கடலை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை நீட்டித் துழாவினாள். என் முழங்காலைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள். கண் போன அன்றைக்குக்கூட அவள் என்னை இப்படிப் பிடித்ததில்லை.

"ரெக்கை மொளச்சிருக்குதா?"

"மொளச்சிருக்குதுக்கா" என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

"நான் வாயத் தொறக்காம இருந்து கெட்டேன். உனக்கு ஊருக்கே கேக்கிற வாய் இருக்குது. இதுக்கு மட்டும் பூட்டு போட்டுக்கினியா? எழுந்திருடி. இப்பவே போ. இந்த வூட்டுல ஒருத்தி கண்ணு போனது போதும்."

கூனிமேட்டுக் கடைவீதியில் ஜெய்னுலாப்தீன் பாய் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். என் கண்ணாடியும் அங்கே போட்டதுதான். அவர் மகள் சனோபர் சென்னையில் கண் பரிசோதனைப் படிப்பு முடித்துவிட்டு இப்போது கடையில் உட்காருகிறாள். நான் போனபோது பொழுது சாய்ந்து மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்தது, கடைத்தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கடை விளக்கும் எனக்கு மேலும் கீழுமாக ரெக்கை விரித்து நின்றது. தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன்.

"வாங்கக்கா. ஏன் முகம் ஒரு மாதிரி இருக்குது? தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் சனோபர்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பஸ், லாரி, மாடு, அக்கா, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வெளிச்சம் வட்டமா வளையம் கட்டுதா, கோடா நீளுதா?"

"கோடு. மேலயும் கீழயும்."

அவள் எழுந்து கடை விளக்கை அணைத்தாள். வாசலுக்கு அந்தப் பக்கம் நின்ற தன் அப்பாவைக் கூப்பிட்டு, "அத்தா, அங்கேயே நின்னு போன் டார்ச்ச அடிங்க" என்றாள். பாய் அடித்தார். அதே வெளிச்சம், அதே ரெக்கை.

"இப்ப கண்ணாடியக் கழட்டி, ஒரு கண்ண மூடிக்கிட்டு, இன்னொரு கண்ணுக்கு முன்னால பிடிங்க. தல ஆடக்கூடாது. கண்ணாடிய மட்டும் மெதுவாத் திருப்புங்க, ஸ்டியரிங் திருப்புற மாதிரி. கோடும் கூடவே திரும்புதான்னு பாருங்க."

"திரும்பினா?"

"குத்தம் கண்ணாடியில."

"திரும்பலைன்னா?"

"கோடு அசையாம நின்னா கண்ணுல இருக்குதுன்னு அர்த்தம். நாளைக்கே டாக்டரப் பாக்கணும்."

கண்ணாடியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். திருப்பவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. பாய் வாசலில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். திருப்பாத வரைக்கும் எனக்குக் கண் இருக்கிறது. திருப்பிவிட்டால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துபோகும். வேறு யார் கையிலாவது கண்ணாடியைக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

"திருப்புங்கக்கா" என்றாள் சனோபர். "நான் இருக்கேன்."

திருப்பினேன். நெட்டுக்குத்தாக நின்ற கோடு சாய்ந்தது. இன்னும் திருப்பினேன். இன்னும் சாய்ந்து, தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. திரும்பக் கொண்டுவந்தேன், அதுவும் எழுந்துகொண்டது. இந்தப் பக்கம் திருப்பினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம். என் கைக்குக் கட்டுப்பட்டு ஆடியது. "அடிப்பாவி! அடிப்பாவி!" என்று கத்தினேன். யாரைச் சொன்னேனோ தெரியாது. அடுத்த கண்ணிலும் பார்த்தேன். அதுவும் அப்படியே திரும்பியது. கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

சனோபர் விளக்கைப் போட்டுக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினாள். கண்ணாடி முழுக்க, ஒரே திசையில், தலைமுடியை விடச் சன்னமாக ஆயிரம் கீறல் இருந்தது. "பவர் நல்லாத்தான் இருக்குது. அதனாலதான் எழுத்தெல்லாம் படிச்சீங்க. எழுத்து உங்க கண்ணுல லைட் அடிக்காது இல்ல? ஆனா இருட்டுல ஒரு லைட் எதிர்ல வந்தா, ஒவ்வொரு கீறலும் கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சத்த வாரி கீறலுக்குக் குறுக்கா தெளிச்சிடுது. அந்தத் தெளிச்ச வெளிச்சம் ரோட்டு மேல வந்து உக்காந்துக்கும். ரோடு அங்கதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாது. நீங்க படுக்கையா தொடைச்சிருக்கீங்க, அதான் கோடு நெட்டுக்கா நிக்குது. எதால தொடைக்கிறீங்க?"

இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை மடக்கினாள். மொறுமொறுவென்றது. மேசையில் விரித்திருந்த கறுப்பு வெல்வெட்டின் மேல் பொடிப் பொடியாக உப்பும் மண்ணும் உதிர்ந்தன.

"யா அல்லாஹ்! அக்கா, தச்சன் மரத்தத் தேய்க்கிறத வெச்சுக் கண்ணாடியத் தேய்ச்சிருக்கீங்க!"

"உப்புன்னா அழுக்கு போவும்னு..."

"அழுக்கும் போச்சு, கண்ணாடியும் போச்சு. இனிமே முதல்ல நல்ல தண்ணியில கழுவுங்க. உப்பு கரைஞ்சு ஓடினதுக்கு அப்புறம்தான் துணி. சும்மா வறட்டுத் துணியால தொடவே கூடாது."

சிரித்தேன். எத்தனை நாளைக்கு அப்புறமோ. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பயந்து துடைத்ததில்தான் வெளிச்சம் நீண்டிருக்கிறது, வெளிச்சம் நீண்டதைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறேன். என்னைப் போல ஒரு புத்திசாலி கூனிமேட்டில் பிறந்திருக்க மாட்டாள். ஆனால் சனோபர் சிரிக்கவில்லை. "இது கண்ணாடிக் குத்தம்தான். ஆனா உங்க அக்காவுக்கு அப்படி ஆனதால நீங்க ஒருதரம் பிரஷர் பாத்தே ஆகணும். புதுக் கண்ணாடி வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. எனக்கு சத்தியம் பண்ணிக் குடுங்க" என்றாள். கொடுத்தேன்.

சுப்ராயன் அண்ணனிடம் காய்ச்சல் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அத்தனை நாளும் வேன் நின்றது, பெண்கள் பஸ்ஸில் போனார்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனேன். கண்ணில் புஸ்ஸென்று காற்றடித்துப் பார்த்தார்கள். பிரஷர் சரியாக இருக்கிறது, வருஷத்துக்கு ஒருதரம் வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். அக்கா ஆஸ்பத்திரி வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். எந்தப் பக்கம் சாமி இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆம்புலன்ஸ் நின்ற பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். நான் திருத்தவில்லை.

புதுக் கண்ணாடி வந்தது. சாவியை வாங்கப் போனபோது சுப்ராயன் அண்ணன், "அம்சா, உன் வாய் ஜெயிச்சிடுச்சு. அந்தப் பள்ளத்த மூடி தார் போட்டுட்டானுங்க. இனிமே ஒடிக்க வேணாம், ஓரமா நேரா வுட்டுக்கினு போலாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணும் வந்தது, ரோடும் வந்தது.

மறுநாள் இருட்டோடு கிளம்பினோம். மேரிசெல்வி பின்னால் போய் உட்காரப் பார்த்தாள். "முன்னாடி வாடி, உன் மருமவ கதைய பாதியில வுட்டுட்ட" என்றேன். முறைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். பாலம் தாண்டியதும் முதல் பஸ் வந்தது. என் கை தானாக இறுகிற்று. பஸ் வந்தது, போயிற்று. இரண்டு விளக்கு, தனித்தனியாக, அதனதன் இடத்தில். அதன் பக்கத்திலேயே வெள்ளைக்கோடு, மைல்கல், ஒரு நாய், எல்லாம் தெரிந்தது. பஸ் டிரைவர் கொட்டாவி விட்டதுகூடத் தெரிந்தது. எனக்குப் பாட வேண்டும் போல இருந்தது.

நீல விளக்கு வந்தது. மாற்றுப்பாதை வந்தது. தகர போர்டைத் தாண்டியதும் சக்கரத்தின் கீழே ஜல்லி கரகரத்தது. எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்துகொண்டிருந்தது. கை வலது பக்கம் ஒடிக்கப் போனது. வேண்டாம், பள்ளம்தான் இல்லையே என்று நேராகப் பிடித்தேன். புதுத் தார் கறுகறுவென்று இருந்தது. அடே சூபர்வைசரே, எனக்குப் பயந்து என்ன அழகாகப் போட்டிருக்கிறாய் என்று நினைத்தேன்.

அந்தப் புதுத் தாரின் மேல் மூன்று பேர் நின்றார்கள்.

இரண்டு பெண்கள். நடுவில் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட சின்னப் பெண். லாரி வெளிச்சம் அவர்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. மூவரும் நகரவில்லை. சின்னப் பெண் எனக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தினேன். நிறையத் தூரம் மிச்சம் இருந்தது, கண் தெரிந்ததால் நிதானமாகத்தான் நிறுத்தினேன். இந்தத் தடவை மேரிசெல்வி கத்த வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். இரண்டு பெண்களில் வயதில் சின்னவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள், பெரியவள் ஓரத்திலேயே நின்றாள்.

"இன்னாக்கா, இன்னைக்கு நிறுத்திட்டீங்க?"

"நீ யாரும்மா? இங்க என்ன பண்றீங்க?"

"என் பேரு சந்தியா, அக்கா. நாங்களும் அளத்துக்குத்தான். இங்கதான் வூடு, நடந்தே போயிடுவோம். சீசன் ஆரம்பிச்சதுலேர்ந்து டெய்லி இங்கதான் நிப்போம். நீங்க தாண்டிப் போனீங்கன்னா எங்களுக்கு டைம் ஆச்சுன்னு அர்த்தம். இத்தினி நாளா பள்ளத்துக்கு அந்தாண்ட புதர்ல ஒண்டிக்கினு நிப்போம். நடுவுல நாலஞ்சு நாளா உங்க வண்டியக் காணோம். ரெண்டு நாளா பரவால்ல, தார் போட்டதும் நிக்க எடமாச்சு."

"வண்டி வர்ற எடத்துலயா நிப்பீங்க?" என்றேன்.

"மத்த வண்டின்னா ஒதுங்கிடுவோம்க்கா. அவனுங்க பள்ளத்துல எறக்கி சேத்த அடிச்சுட்டுப் போவானுங்க. நீங்க ஒருத்தர்தான் எங்களப் பாத்து வளைச்சுப் போவீங்க. அதான் உங்க வண்டின்னா நகர மாட்டோம். எம் பொண்ணு பூவரசிகூட சொல்லும், அந்த ஆயாவுக்கு நம்மளத் தெரியும்னு."

இத்தனை நாளும் இவர்கள் இங்கே நின்றிருக்கிறார்கள். நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் வளைத்தது பள்ளத்துக்காக. எருமை புரளுகிற அந்தப் பள்ளம்தான் எனக்கும் இந்தப் பிள்ளைக்கும் நடுவில் படுத்துக் கிடந்திருக்கிறது. அதை மூடச் சொல்லித்தான் நான் தொண்டை கிழியக் கத்தினேன். கைதட்டு வேறு வாங்கினேன். அக்காவின் காதில் அந்தக் கீச்சுச் சத்தம் விழாமல் இருந்திருந்தால், நான் இன்றைக்கும் பழைய கண்ணாடியோடு, நேராகத்தான் போகும் என்று சொல்லிக்கொண்டே, ஓரமாக நேராக விட்டிருப்பேன். கண் போய்விடும் என்று நான் பயந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பூவரசி வண்டியின் படியைப் பிடித்து எக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் டெய்லி உனக்கு டாட்டா காட்டுறேன். நீ ஏன் திருப்பிக் காட்ட மாட்டேங்கற?"

வண்டி ஓட்டும்போது கையை எடுக்கக் கூடாது கண்ணு என்று சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்துவிட்டது அந்தப் பொய். மேரிசெல்வி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பெண்கள் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் உன்னப் பாத்ததே இல்லடா கண்ணு" என்றேன். "ஒருநாளும் பாக்கல. எதிர்ல லைட் வந்தா எனக்கு ஒண்ணுமே தெரியாது. அந்தப் பள்ளத்துக்குத்தான் வளைச்சேன்."

சந்தியாவுக்கு முதலில் புரியவில்லை. சிரித்த முகத்தோடுதான் நின்றாள். அப்புறம் குனிந்து தன் காலடியில் இருந்த தாரைப் பார்த்தாள். வேனின் முன்பக்கத்தைப் பார்த்தாள். பிள்ளையின் கையைப் பிடித்து வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"புதுக் கண்ணாடி போட்டிருக்கேன்" என்றேன். "இப்ப தெரியுது. ஏறுங்க, அளத்துல வுட்டுடறேன். இனிமே டெய்லி ஏறிக்குங்க."

மேரிசெல்வி இறங்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். சந்தியா பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். நானும் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் ஏற வெகுநேரம் ஆயிற்று.